உடையும் என்று தெரியும், எங்கே என்று தெரியாது

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். பக்கத்தில் காகிதமும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, பாதிக் கணக்கை மனசிலேயே போட்டுவிடலாம்.

எண்ணை மூன்று மூன்று இலக்கமாகச் சொல்கிறேன். 147, 573, 952, 589, 676, 412, 927. மொத்தம் 21 இலக்கங்கள். நம் கோடி வழக்கில் வாசித்தால் 14 லட்சத்து 75 ஆயிரத்து 739 கோடி கோடி, அதன்மேல் 52 லட்சத்து 58 ஆயிரத்து 967 கோடி, அதன்மேல் 64 லட்சத்து 12 ஆயிரத்து 927.

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டை 67 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள், வருவதில் ஒன்றைக் கழியுங்கள். அவ்வளவுதான் இந்த எண். இரண்டின் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இதன் அளவைக் கணிக்கவும் ஒரு சுருக்கு வழி உண்டு. இரண்டைப் பத்து தடவை பெருக்கினால் 1024, ஏறத்தாழ ஆயிரம். அறுபது தடவை பெருக்கினால் ஆறு ஆயிரங்களைப் பெருக்கிய மாதிரி, அதாவது ஒன்றுக்குப் பின் 18 பூஜ்யம். மீதி ஏழு இரண்டுகள் 128. ஆக 128-க்குப் பின் 18 பூஜ்யம் என்று வருகிறது. உண்மையான எண்ணோ 147-இல் தொடங்குகிறது. ஆயிரத்துக்கு 24 என்று நாம் விட்டுவிட்ட மிச்சம் ஆறு தடவை பெருகிப் பெருகி 15 விழுக்காடாகிவிட்டது. வட்டிக்கு வட்டி போடும் வீடுகளில் இது தெரிந்த சங்கதிதான்.

இந்த எண்ணுக்கு என்ன தனிச்சிறப்பு? இது பகா எண்ணா, பகு எண்ணா என்ற கேள்விதான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். 1644-இல் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் வெளியிட்டார். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைத்தால் பகா எண் வருவது எந்தெந்த அடுக்குகளுக்கு என்பது பட்டியல். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்று எழுதி, 257 வரை வேறு கிடையாது என்றும் சொன்னார். நம் 67 அதில் இருக்கிறது, கவனியுங்கள்.

ஒரு பொறி இங்கே உண்டு. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகத்தான் இருக்கும், அதில் சிக்கலில்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்தானே என்று பலரும் நினைத்துவிடுவார்கள். அப்படியில்லை. 11 பகா எண். இரண்டின் 11-ஆம் அடுக்கு 2048, ஒன்று குறைத்தால் 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கி வருவது. இந்த 2047-ஐ மறந்துவிடாதீர்கள். பெரிய எண்ணில் நடப்பதையெல்லாம் இந்தச் சின்ன எண்ணில் பார்த்துவிடலாம்.

மெர்சென் காலத்தில் 21 இலக்க எண்ணைச் சோதிக்க யாரிடமும் வழி இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பட்டியல் அப்படியே நின்றது. 1876-இல் பிரான்ஸில் எடுவார்ட் லூகாஸ் அதை உடைத்தார். 67-ஆம் அடுக்கின் எண் பகா எண் அல்ல என்று காட்டினார். ஆனால் எந்த எண்ணால் அது வகுபடும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

காரணியே தெரியாமல், வகுபடும் என்று மட்டும் எப்படித் தெரியும்? லூகாஸ் அமைத்த சோதனையை 1930-இல் டெரிக் ஹென்றி லேமர் எளிதாக்கினார். அந்த எளிய வடிவத்தைச் சொல்கிறேன். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி இரண்டைக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி இரண்டைக் கழியுங்கள். அடுக்கு எத்தனையோ அதில் இரண்டு குறைவான தடவை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

31-ஐப் பார்ப்போம். அது ஐந்தாம் அடுக்கு, ஆக மூன்று தடவை. நான்கின் வர்க்கம் 16, இரண்டு போனால் 14. பதினான்கின் வர்க்கம் 196, இரண்டு போனால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. எட்டின் வர்க்கம் 64, இரண்டு போனால் 62. 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். ஆக 31 பகா எண். இதையே 2047-க்கு ஒன்பது தடவை செய்தால் கடைசியில் 1736 நிற்கும், பூஜ்யம் வராது. அந்த 1736-ஐ எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் 23-ஐயும் 89-ஐயும் அது காட்டிக்கொடுக்காது. உடையும் என்று சொல்லும், எங்கே உடையும் என்று சொல்லாது.

நம் எண்ணுக்கு 65 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 21 இலக்க எண்ணை வர்க்கப்படுத்தி, 42 இலக்கம் வரை போகும் விடையை வகுத்து மீதி காண வேண்டும். கையால் போடுகிறவருக்கு இதில் ஒரு ஆபத்து உண்டு, யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நடுவில் எங்கேயாவது ஓர் இலக்கம் தப்பினால் அதன் பிறகு எல்லாமே தப்பு. அப்போதும் கடைசியில் பூஜ்யம் வராது. அதாவது, பகா எண்ணைச் சோதித்துத் தப்பாகப் போட்டாலும் பகு எண் என்ற விடைதான் கிடைக்கும். பூஜ்யம் வந்தால் நம்பலாம், அது தற்செயலாக வருவது அரிதிலும் அரிது. பூஜ்யம் வராததை நம்புவதற்கு இன்னொருவர் தனியாக உட்கார்ந்து முழுக்கவும் போட்டுப்பார்க்க வேண்டும். காரணிகளைக் கையில் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, பெருக்கிப்பார்த்தால் தீர்ந்தது.

அந்தக் காரணிகள் கிடைத்தது 27 ஆண்டுகள் கழித்து, 1903-இல். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம் நியூயார்க்கில் அக்டோபர் மாதம் நடந்தது. பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி என்று நிகழ்ச்சி நிரலில் அவர் பெயருக்கு நேரே இருந்தது. கணித வரலாறு எழுதிய எரிக் டெம்பிள் பெல் எழுதிவைத்துப் போன விவரம் இது: கோல் எழுந்துபோய்க் கரும்பலகையில் இரண்டின் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார். பிறகு பலகையின் காலியான பக்கத்துக்கு நகர்ந்து இரண்டு எண்களை எழுதினார். நீளப் பெருக்கல் போட்டார். இரண்டு பக்கத்து விடையும் ஒன்றாக இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார். அரங்கம் கைதட்டியது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த இரண்டு எண்களையும் சொல்கிறேன். முதல் எண் 193, 707, 721. அதாவது 19 கோடியே 37 லட்சத்து 7 ஆயிரத்து 721. ஒன்பது இலக்கம், கைப்பேசி எண்ணைவிட ஒன்று குறைவு. இரண்டாவது எண் 761, 838, 257, 287. அதாவது 76 ஆயிரத்து 183 கோடியே 82 லட்சத்து 57 ஆயிரத்து 287. ஆதார் எண் மாதிரி பன்னிரண்டு இலக்கம்.

கோல் போட்ட பெருக்கலை நீங்களும் போட்டுப்பார்க்கலாம், பார்க்கிற அளவுக்கு அது பயமுறுத்துகிற பெருக்கல் இல்லை. பெரிய எண்ணை மேலே எழுதிச் சின்ன எண்ணின் இலக்கங்களால் பெருக்குங்கள். 1, 9, 3, 7, 0, 7, 7, 2, 1. ஒன்றுக்குப் பெருக்கவே வேண்டாம், அப்படியே எழுதலாம். பூஜ்யத்துக்கு வரிசையே கிடையாது. ஏழு மூன்று தடவை வருகிறது, ஒரு தடவை பெருக்கி மூன்று இடத்தில் எழுதினால் போதும். ஆகப் பெருக்க வேண்டியது ஏழு, இரண்டு, மூன்று, ஒன்பது, இந்த நான்கு வாய்ப்பாட்டில்தான். ஏழால் பெருக்கினால் 5, 332, 867, 801, 009 வர வேண்டும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். தப்பு நடப்பது பெருக்கலில் அல்ல, வரிசைகளை இடம் தள்ளி எழுதுவதில். முக்கியமாக அந்தப் பூஜ்யத்துக்கு ஓர் இடம் கூடுதலாகத் தள்ள மறந்துவிடுவார்கள். கட்டம் போட்ட நோட்டு நல்லது.

பெருக்க நேரமில்லாதவர்களுக்குப் பழைய ஒன்பதுச் சோதனை இருக்கிறது. முதல் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, அதையும் கூட்டினால் 10, கடைசியில் 1. இரண்டாம் காரணிக்கு 64, அதுவும் 10, கடைசியில் 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. நம் 21 இலக்க எண்ணின் கூட்டுத்தொகை 109, அது 10, கடைசியில் 1. பொருந்துகிறது. ஆனால் ஒன்பதுச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. 72-ஐ 27 என்று மாற்றி எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை மாறாது, தப்பு பிடிபடாது. அதனால் பதினொன்றுச் சோதனையும் செய்ய வேண்டும். வலப்பக்கக் கடைசி இலக்கத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டுங்கள். விட்டுப்போனவற்றைத் தனியாகக் கூட்டி இதிலிருந்து கழியுங்கள். முதல் காரணிக்கு 12-இல் 25 போனால் மைனஸ் 13, 22 சேர்த்தால் 9. இரண்டாம் காரணிக்கு 36-இல் 28 போனால் 8. ஒன்பது எட்டு 72, பதினொன்றால் வகுத்தால் மீதி 6. பெரிய எண்ணுக்கு 63-இல் 46 போனால் 17, பதினொன்று போனால் 6. பொருந்துகிறது. இரண்டு சோதனையிலும் தேறிய பெருக்கலில் தப்பு ஒளிந்திருப்பது அபூர்வம்.

சரி, கோல் எப்படிக் கண்டுபிடித்தார்? எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் சொன்னதாகப் பெல் எழுதியிருக்கிறார். அதைக் கேட்டதும், மனிதர் ஞாயிறுதோறும் உட்கார்ந்து வகுத்து வகுத்துப் பார்த்தார் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இருக்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

எல்லா எண்ணாலும் வகுத்துப்பார்க்க வேண்டியதில்லை என்பது கோலுக்கு முன்பே தெரிந்த விஷயம். 2047-க்கு வருவோம். இரண்டின் அடுக்குகளை 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது இடத்தில் ஒன்று வந்துவிட்டது, இனி மறுபடி 2, 4, 8. சுற்றின் நீளம் 11. பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா காட்டிய விதிப்படி இந்தச் சுற்று 22-க்குள், அதாவது காரணியில் ஒன்று குறைவான எண்ணுக்குள், மீதியின்றி அடங்க வேண்டும். ஆகக் காரணியில் ஒன்று குறைத்தால் 11-இன் மடங்கு. காரணி ஒற்றைப்படை என்பதால் 22-இன் மடங்கு. 23-ஐப் பாருங்கள், 22-உம் ஒன்றும். 89-ஐப் பாருங்கள், 88-உம் ஒன்றும்.

அதே போல, 67-ஆம் அடுக்குக்குக் காரணி என்றால் 134-இன் மடங்கோடு ஒன்று. இன்னொரு நிபந்தனையும் உண்டு, எட்டால் வகுத்தால் மீதி ஒன்றாகவோ ஏழாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துச் சலித்தால் 135, 537, 671, 1073, 1207 என்று வருகிறது. இவற்றில் ஒன்றுகூடப் பகா எண் இல்லை. 671 என்பது 11 பெருக்கல் 61. 1073 என்பது 29 பெருக்கல் 37. 1207 என்பது 17 பெருக்கல் 71. சோதிக்கத் தகுதியுள்ள முதல் பகா எண் 1609. அதுவரை ஒன்றையும் தொட வேண்டாம்.

இவ்வளவு சலித்த பிறகும் 19 கோடியே 37 லட்சம் வரை போவதற்குள் 7 லட்சத்து 22 ஆயிரம் எண்கள் தேறுகின்றன. 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளையும் தள்ளினால் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். ஒரு வகுத்தலுக்குப் பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் நூறு வருடத்துக்கு மேல் ஆகும். பகா எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தாலும் எண்பதாயிரத்தை ஒட்டி வரும், அதற்கே இருபத்தைந்து வருடம். மூன்று வருடத்தில் முடிந்தது என்றால் வகுத்துப்பார்க்கும் வழி அது அல்ல.

கோல் தேடியது காரணியை அல்ல, இரண்டு காரணிகளின் கூட்டுத்தொகையில் பாதியை. இதையும் 2047-இல் பாருங்கள். 23-உம் 89-உம் கூட்டினால் 112, பாதி 56. வித்தியாசம் 66, பாதி 33. 56-இன் வர்க்கம் 3136. 33-இன் வர்க்கம் 1089. கழித்தால் 2047. எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணும் இப்படி இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக வரும். ஆக 56-ஐப் பிடித்துவிட்டால் போதும், காரணி தானாக விழும்.

56-ஐப் பிடிப்பது எப்படி? இரண்டு காரணியும் 11-இன் மடங்கோடு ஒன்று என்று பார்த்தோம். அப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் வரும் விடையோடு ஒன்றைச் சேர்த்து, 11-இன் வர்க்கமான 121-ஆல் வகுங்கள். காரணிகளின் கூட்டுத்தொகையை 121-ஆல் வகுத்தால் வரும் மீதியேதான் இதிலும் வரும். 2047-உடன் ஒன்று 2048. அதை 121-ஆல் வகுத்தால் மீதி 112. பாதி 56. அதை வர்க்கப்படுத்தி 2047-ஐக் கழித்தால் 1089, அது 33-இன் வர்க்கம். 56-இல் 33 போனால் 23, சேர்ந்தால் 89. ஒரு வகுத்தலில் வேலை முடிந்தது. காகிதம் இல்லாமலே இதைப் போடலாம்.

67-க்கும் இதே வழி. 67-இன் வர்க்கம் 4489. அந்த இடைவெளியில் தாவித் தேடினாலும் இன்னும் கோடிக்கணக்கான இடங்கள் மிஞ்சும். இங்கேதான் மூன்று வருட உழைப்பு. இருபடி எச்சங்கள், அதாவது வர்க்க எண்களை வகுத்தால் வரக்கூடிய மீதிகள், என்ற கருவியைக் கொண்டு கோல் அந்தப் பாதிக் கூட்டுத்தொகையை 8, 81, 5, 7, 13 ஆகியவற்றால் வகுத்தால் என்ன மீதி வரும் என்பதையும் ஒவ்வொன்றாகக் கட்டிப்போட்டார். இவற்றையெல்லாம் 4489-உடன் பெருக்கினால் 132 கோடியே 35 லட்சத்து 36 ஆயிரத்து 760. அதாவது, தேடும் எண் 116 கோடியே 9 லட்சத்து 32 ஆயிரத்து 384-இல் தொடங்கி, 132 கோடி சொச்சம் 132 கோடி சொச்சமாகத் தாவிப்போகும் இடங்களில்தான் இருக்க முடியும். தேடும் எண்ணின் வர்க்கம் நம் 21 இலக்க எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அதனால் முதல் எட்டுத் தாவல்கள் கணக்கில் வராது, ஒன்பதாவது தாவலில் இருந்து பார்த்தால் போதும். விடை 287-ஆவது தாவலில் இருக்கிறது. மொத்தம் 279 இடங்கள்!

அந்த 279-ஐயும் முழுசாகப் போட வேண்டாம். 2047-இல் பார்த்தது போல, வர்க்கப்படுத்தி நம் எண்ணைக் கழித்தால் மிஞ்சுவதும் வர்க்க எண்ணாக இருக்க வேண்டும். வர்க்க எண்ணை 11-ஆல் வகுத்தால் சில மீதிகள்தான் வரும், மற்றவை வரவே வராது. அந்த ஒரு சோதனையிலேயே பாதிக்குப் பாதி கழிந்துவிடும். 17-ஆல் மறுபடி பாதி, 19-ஆல் மறுபடி பாதி. ஐந்தாறு சல்லடை போட்டால் பத்துக்குள் வந்துவிடும். அதே ஆண்டு டிசம்பரில் சங்கத்தின் இதழில் வந்த கோலின் கட்டுரை இந்த வேலையை விவரிக்கிறது, சில பக்கங்கள்தான். பேசாமல் உட்கார்ந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள், 279 இடங்களாகச் சுருக்கிய கதையை யாரும் சொல்வதில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

மெர்சென் பட்டியலின் மற்றப் பிழைகளையும் சொல்லிவிட வேண்டும். 257-உம் தப்பு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. 61-ஐ 1883-இல் நிறுவியவர் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார். 67 என்பதே 61-க்கு வந்த அச்சுப் பிழையாக இருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. அதையும் இன்னும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், கடிகாரம் இடம் தரவில்லை. இரண்டு நிமிடம்தான் இருக்கிறது.

அதற்குள் ஒன்று. உடையும் என்று அறிவதும் எங்கே உடையும் என்று அறிவதும் வேறு வேறு என்றேன். இந்த இடைவெளி 1903-உடன் மூடிவிடவில்லை. 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் பகா எண்ணா இல்லையா என்று எந்த எண்ணையும் விரைவாக, ஐயத்துக்கு இடமில்லாமல் முடிவு செய்யும் முறையைத் தந்தார்கள். அந்த முறையும் காரணியைத் தருவதில்லை. தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்க இணையத்தில் பரவலாக உள்ள ஆர்எஸ்ஏ பூட்டு முறை இந்த இடைவெளியை நம்பியே நிற்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைத் தேடிப் பெருக்குவது நொடி வேலை, பெருக்கியதைப் பிரிப்பது முடியாத வேலை. கோலின் எண்ணை இன்றைய கணினி ஒரு நொடிக்குள் பிரித்துவிடும். பூட்டுக்கு வைக்கும் எண்களோ அறுநூறு இலக்கத்துக்கு மேல் போகின்றன.

கடைசியாக, 67-ஐப் போல இன்று ஒன்று இருக்கிறது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டின் 1277-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, 385 இலக்கங்கள். லூகாஸ் சோதனை இதைப் பகு எண் என்று எப்போதோ சொல்லிவிட்டது. காரணி என்றால் 2554-இன் மடங்கோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் தெரியும். உலகெங்கும் பல கணினிகள் தேடிவிட்டன. ஒரு காரணிகூட இன்னும் அகப்படவில்லை.

நன்றி, வணக்கம்.